எண்ணிப் பார்த்த இதயங்கள்



நினைவுச் சொற்பொழிவு என்றால் கம்பராமாயணமோ திருக்குறளோ என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பின்வரிசையில் சிலர் இருப்பார்கள். காபி நன்றாக இருக்கிறது என்பதால் அவர்கள் எழுந்து போகமாட்டார்கள் என்று நம்புகிறேன். இன்று நான் எடுத்துக்கொண்டது பலவீனமான இதயங்களைப் பற்றிய ஆராய்ச்சி. இந்த நோயில் மருத்துவர்கள் சத்தியம் செய்யாத குறையாக நம்பியிருந்த பல விஷயங்கள், நோயாளிகளை ஒழுங்காக எண்ணிப் பார்த்தபோது தலைகீழாகிவிட்டன. அந்தக் கதையில் புனேவுக்கும் மதுரைக்கும் பங்கு உண்டு. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது. சாயங்காலம் ஆனால் செருப்பு கடிக்கிறது. இதய மருத்துவரின் அறையில் தினமும் கேட்கும் பேச்சு இது. எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, "பம்பிங் கம்மியா இருக்கு, முப்பதுதான்" என்பார்கள். இடது கீழறையில் சேரும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு அது. நல்ல இதயத்தில் 55 முதல் 70 சதவீதம் இருக்கும். முழுவதும் காலியாவது எந்த இதயத்திலும் கிடையாது. இது தெரியாமல், "அறுபதுதானாமே" என்று கண் கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பம்பிங் குறையக் காரணங்கள் பல. மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி செத்துப்போவது நம் நாட்டில் முதல் காரணம். ரத்தக்குழாயில் அடைப்பே இல்லாமல் தசையே கெட்டுப்போவது இன்னொன்று. அதைத்தான் இதயத்தசை நோய், கார்டியோமயோபதி என்கிறோம். ஒரு வகையில் அறை விரிந்து சுவர் தளர்ந்துபோகும். இன்னொரு வகையில் சுவர் தடித்து, உள்ளே ரத்தம் நிரம்ப இடம் போதாமல் போகும். இந்த இரண்டாவது வகையில் பம்பிங் எண் நன்றாகவே இருக்கும். ஆனாலும் மூச்சு வாங்கும், மயக்கம் வரும். விளையாட்டு மைதானத்தில் இளைஞர் ஒருவர் சரிந்து விழுந்தார் என்று செய்தி வந்தால், விசாரிக்க வேண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.

பீட்டா பிளாக்கர் மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். இதயத் துடிப்பைக் குறைத்து, அது சுருங்கும் வேகத்தையும் அடக்கும் மருந்து. தளர்ந்த இதயத்துக்கு அதைக் கொடுப்பது கொலைக்குச் சமம் என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லின. 1975இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் வாக்ஸ்டீன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், விரிந்த இதயம் கொண்ட ஏழே ஏழு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் தேறினார்கள். யாரும் நம்பவில்லை. ஏழு பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும்? கேள்வி நியாயமானதுதான். 1999இல் வெளிவந்த மெரிட் ஆய்வில் 3,991 பேர் இருந்தார்கள். மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. கொடுக்கவே கூடாது என்று இருந்த மருந்து, கொடுக்காவிட்டால் தவறு என்று ஆக 24 ஆண்டுகள் பிடித்தன.

சர்க்கரை மாத்திரையின் கதை இதைவிட வேடிக்கை. ஒரு சர்க்கரை மருந்து மாரடைப்பைக் கூட்டுகிறது என்ற சந்தேகம் கிளம்பியதால், புதிதாக வரும் எந்தச் சர்க்கரை மருந்தும் இதயத்துக்குக் கெடுதல் செய்யாது என்று நிரூபிக்க வேண்டும் என 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. கம்பெனிகள் முணுமுணுத்துக்கொண்டே பெரிய ஆய்வுகளை நடத்தின. எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை கெடுதல் செய்யவில்லை என்று காட்டத்தான் 7,020 பேரைச் சேர்த்தார்கள். 2015இல் முடிவு வந்தபோது, இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வது 35 சதவீதம் குறைந்திருந்தது. இப்படி ஒன்றை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2019இல் அதன் உடன்பிறப்பான டாபாகிளிஃப்ளோசினை, சர்க்கரை நோய் இல்லாத இதய நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே பலன். ஆகவே, "எனக்குச் சுகரே கிடையாது, டாக்டர் ஏன் சுகர் மாத்திரை எழுதினார்?" என்று மருந்துக்கடையில் சண்டை போடாதீர்கள். இந்த மாத்திரைகளின் மூதாதை, ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஒரு பொருள். காப்புரிமை முடிந்த பிறகு, அறுபது ரூபாய் அளவில் விற்ற எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை 2025இல் பத்து ரூபாய்க்கும் கீழே கிடைக்கத் தொடங்கியது.

இதெல்லாம் பெரும்பாலும் பிற நாடுகளில் எண்ணிய கணக்கு. நம் நாட்டில் எப்படி?

2013ஆம் ஆண்டு, திருவனந்தபுரம் மாவட்டத்தில் 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்புடன் சேர்ந்தவர்களை ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் மருத்துவர் ஹரிகிருஷ்ணன் குழு ஒருவர் விடாமல் பதிவு செய்தது. மொத்தம் 1,205 பேர். சராசரி வயது 61. மேல்நாட்டுப் பதிவேடுகளில் எழுபதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 30.8 சதவீதம், மூன்றாண்டுக்குள் 44.8 சதவீதம். பல புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு இது. ஆனால் புற்றுநோய் என்றதும் வீடே நடுங்குகிறது. பம்பிங் கம்மி என்றால் உப்பைக் குறைத்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

என்னை அதிகம் உறுத்திய எண் வேறு. பம்பிங் குறைந்தவர்களில், வீட்டுக்கு அனுப்பும்போது விதிப்படி தரவேண்டிய மருந்துகளைப் பெற்றவர்கள் நான்கில் ஒருவர்தான். நாட்டிலேயே கல்வியிலும் மருத்துவ வசதியிலும் முன்னால் நிற்கும் மாநிலத்தின் தலைநகரில் இந்த நிலை. பிறகு நாடு முழுவதும் 53 பெரிய மருத்துவமனைகளில் 10,851 பேரைச் சேர்த்துத் தேசியப் பதிவேடு வந்தது. அதில் இந்த அளவு பாதியை நெருங்கியிருந்தது. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் தொண்ணூறு நாளுக்குள் 14 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் ஏன் பத்து வருடம் முன்னதாகவே வருகிறது? இங்கேதான் புனே வருகிறது. ராஸ்தா பேட்டையில் கே.இ.எம். மருத்துவமனை இருக்கும் சாலைக்கு சர்தார் முதலியார் சாலை என்று பெயர். அந்தப் பலகையைப் பார்க்கும் புனேத் தமிழர் எவருக்கும் ஒரு கணம் சொந்த ஊர் ஞாபகம் வரும். அந்த மருத்துவமனையில் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், 1993இல் புனேவைச் சுற்றிய ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடரத் தொடங்கினார். பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. குழந்தை சிறியது, அது எதிர்பார்த்ததுதான். தோலை மடித்துப் பிடித்து அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தசையும் வயிற்று உறுப்புகளும் குறைந்திருந்தன; முதுகுத் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் ஏறத்தாழ குறையாமல் இருந்தது. ஒல்லியாகத் தெரியும் குழந்தைக்குள் கொழுப்பு. பிற்காலச் சர்க்கரை நோய்க்கும் ரத்தக்குழாய் நோய்க்கும் அடித்தளம் தாயின் வயிற்றிலேயே விழுகிறது என்ற எண்ணத்துக்கு உலகம் மேற்கோள் காட்டும் ஆய்வுகளில் அது ஒன்று. அந்தக் குழந்தைகள் இன்று முப்பது வயதைத் தொட்டுவிட்டார்கள்.

அடுத்தது மதுரை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இதயத்தசையை இழுத்துச் சுருக்கும் புரதம் மயோசின். அது அளவுமீறி வேலை செய்யாமல் அடக்கிவைப்பது மயோசின் பைண்டிங் புரோட்டீன் சி என்ற இன்னொரு புரதம். அதற்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை முதலில் இரண்டு இந்தியக் குடும்பங்களில் கண்டார்கள். பிறகு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த பெருந்துறை தண்டபாணியும் ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தங்கராஜும் பல ஊர் மருத்துவர்களோடு சேர்ந்து 800 நோயாளிகளை, நோய் இல்லாத ஏறத்தாழ 700 பேரோடு ஒப்பிட்டார்கள். 2009இல் நேச்சர் ஜெனிட்டிக்ஸ் இதழில் முடிவு வந்தது. எழுத்துகள் விடுபட்டவர்களுக்கு இதயத்தசை நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு. அப்படிப்பட்டவர்கள் தெற்காசியாவில் நூற்றுக்கு நான்கு பேர். மாற்றம் தோன்றியது சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன். கோடிக்கணக்கான இந்தியர்களின் ரத்தத்தில் இதய நோய் என்று பத்திரிகைகள் எழுதின.

அப்போதே ஒரு நெருடல் இருந்தது. நூற்றுக்கு நான்கு பேர் என்றால், தெருவுக்குத் தெரு இதயத்தசை நோயாளிகள் இருக்க வேண்டுமே? அந்த மாற்றத்தோடு எண்பது வயதுவரை கல்லுப்போல் வாழ்ந்தவர்களும் ஏராளம். 2018இல், அமெரிக்காவில் வாழும் 2,401 தெற்காசியர்களை எண்ணிய ஆய்வு வந்தது. அதை நடத்தியவர் அப்போது சின்சினாட்டியில் இருந்த சக்திவேல் சடையப்பன். 2009 கட்டுரையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். எழுத்து விடுபட்டவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம், அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் இருந்தது. இதயத்தில் கோளாறு தெரிந்தது அவர்களிடம்தான். 2020இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு இன்னும் நுணுக்கமாகப் பார்த்து, கூடவே பயணிக்கும் வேறொரு அரிய மாற்றத்தைப் பிடித்தது. பிக்பாக்கெட்காரனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு அப்பாவியையும் பஸ்ஸைவிட்டு இறக்கிய மாதிரிதான் அந்த 25 எழுத்துகளின் கதை. அவை மட்டும் தனியாக விடுபட்டிருந்தால் பெரிய ஆபத்து இல்லை என்பது அந்த ஆய்வின் முடிவு.

மதுரை ஆய்வு வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். இங்கே பாருங்கள் என்று அவர்கள் விரல் நீட்டாவிட்டால், ஆக்ஸ்ஃபோர்டு அந்தப் பக்கமே திரும்பியிருக்காது. எனக்குப் பயம் வேறு. இன்று எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் மரபணு ரிப்போர்ட் வீட்டுக்கே வருகிறது. 2009 செய்தியை மட்டும் படித்த ஒருவர் கையில் அந்தத் தாள் கிடைத்தால், நிச்சயித்த கல்யாணம்கூட நின்றுபோகும். உங்கள் வீட்டில் ஒருவருக்குத் தடித்த இதயம் என்று உறுதியானால், அவருடைய அப்பா அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுங்கள். மரபணுப் பரிசோதனையை முதலில் நோயாளிக்குச் செய்து, அவரிடம் ஐயமின்றி நோய் உண்டாக்கும் மாற்றம் கிடைத்தால்தான் மற்றவர்களிடம் அதைத் தேடுவதில் பொருள் உண்டு.

அந்த அடக்கும் புரதத்தைப் பற்றிய அறிவு மருந்தாகவும் மாறியிருக்கிறது. மயோசினின் அதிகப்படி வேகத்தை நேரடியாகக் குறைக்கும் மாவாகாம்டென் என்ற மாத்திரையை 251 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2020இல் வந்தது. 2022 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதித்தது. தடித்த தசை ரத்தம் வெளியேறும் வழியை அடைப்பவர்களுக்கு உரியது. வேகம் அளவுக்கு மேல் குறைந்தால் பம்பிங் விழுந்துவிடும் என்பதால், அடிக்கடி எக்கோ எடுத்துக்கொண்டே கொடுக்க வேண்டும். விலையைப் பற்றி இங்கே பேசினால் யாருக்காவது மூச்சு வாங்கும்.

மருந்து கைவிட்டால் மாற்று இதயம். 2023இல் நாக்பூரிலிருந்து விமானப்படை விமானத்தில் அப்படி ஓர் இதயம் புனேவின் ராணுவ இதய மருத்துவமனைக்கு வந்தது. போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டார்கள். பெருமைப்பட வேண்டிய காரியம். ஆனால் தானமாகக் கிடைக்கும் இதயங்கள் மிகச் சில. மற்றவர்களுக்கு எது உதவும் என்பதற்கு 2022இல் லான்செட்டில் வந்த ஸ்ட்ராங் ஆய்வு பதில் சொல்கிறது. அதில் புது மருந்து ஒன்றுகூட இல்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் 1,078 பேரில் ஒரு பாதியினரை அடிக்கடி வரவழைத்து, ரத்தம் பரிசோதித்து, பழைய மருந்துகளையே இரண்டு வாரத்துக்குள் முழு அளவுக்கு ஏற்றினார்கள். மறு பாதி வழக்கம்போல. ஆறு மாதத்துக்குள் இறந்தவர்களும் மீண்டும் சேர்ந்தவர்களும் ஒரு பக்கம் 15.2 சதவீதம், மறுபக்கம் 23.3. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இங்கே நடப்பது என்ன? நோயாளி சதாராவுக்கோ சோலாப்பூருக்கோ திரும்பிப் போகிறார். பஸ்ஸில் நாலு மணி நேரம், நடுவில் இறங்க முடியாது என்று நீர் மாத்திரையை அன்றைக்கு விட்டுவிடுகிறார். நின்றுபோனது பழகிப்போகிறது. அப்பளமும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்குவதில்லை. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தேங்கிய நீர். உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஆனால் எடை ஏறியது தெரிய வீட்டில் எடை மெஷின் வேண்டுமே? எத்தனை வீட்டில் இருக்கிறது?

ஆகவே இந்த அறக்கட்டளை நிர்வாகிகளிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவாளருக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் வேண்டாம். அந்தப் பணத்துக்கு, ஆயிரம் ரூபாய் விலையில் எத்தனை எடை மெஷின் வாங்க முடியுமோ வாங்கி, வீட்டுக்குப் போகும் நோயாளிகளிடம் கொடுங்கள். வாரம் ஒருமுறை அவர்களுக்குப் போன் போட்டு எடையைக் கேட்டு ஒரு நோட்டில் எழுத, மராத்தியும் தமிழும் தெரிந்த ஓய்வு பெற்ற நர்சுகள் இந்த ஊரில் நிச்சயம் கிடைப்பார்கள். இன்று எனக்குப் போர்த்திய பொன்னாடையையும் இந்த மேசைமீதே விட்டுச் செல்கிறேன். செயலாளர் குறித்துக்கொள்கிறார் என்று நினைக்கிறேன்.