ஆயிரம் முறை படமெடுத்த கோப்பை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"இன்ஜினீயருக்கு ஓவியம், பழைய சினிமா நட்சத்திரம், ஃபேஷன் போட்டோ எல்லாம் எதுக்குங்க?" என்று நீங்கள் கேட்கலாம். இந்த மூன்றையும் ஒரே வாழ்க்கையில் தொட்ட ஒருவரைச் சொல்கிறேன். அவர் எட்வர்ட் ஸ்டைக்கன். 1879-இல் லக்சம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். ஓவியர். 1911-இல் பாரிசில் பால் புவாரே வடிவமைத்த உடைகளை இவர் எடுத்த படங்களையே நவீன ஃபேஷன் புகைப்படத்தின் தொடக்கம் என்று பலரும் சொல்வார்கள்.

ஓவியம் மாதிரி மங்கலாக இருந்தால்தான் புகைப்படம் கலை என்று பலர் நினைத்த காலம் அது. ஸ்டைக்கனும் அப்படித்தான் எடுத்தார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் விமானப் புகைப்படப் பிரிவுக்குப் போனார். அங்கே மங்கல் செல்லுமா? ஒவ்வொரு கோடும் தெளிவாகத் தெரிய வேண்டும். போர் முடிந்த பின், கையிலிருந்த தன் ஓவியங்களை எல்லாம் தீயிலிட்டார். ஒரு வெள்ளைக் கோப்பையையும் சாசரையும் வைத்து ஆயிரம் தடவைக்கு மேல் படமெடுத்தார். எதற்கு? வெள்ளையிலிருந்து கறுப்பு வரைக்கும் உள்ள சாயல்களைக் கைக்குள் கொண்டுவர! நாமோ லேபில் ஒரு ரீடிங்கை மூன்று தடவை எடுக்கவே அலுத்துக்கொண்டவர்கள்.

1923-இல் வோக், வேனிட்டி ஃபேர் பத்திரிகைகளுக்குத் தலைமைப் புகைப்படக்காரரானார். மறு வருஷம் நடிகை குளோரியா ஸ்வான்சனைப் படமெடுத்தார். முகத்துக்கு முன்னே ஒரு கறுப்பு லேஸ் துணி. அதன் பூவேலைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. அது பேசாப் படக் காலம், கண்தான் வசனம். லேஸின் கறுப்புக்கும் முகத்தின் வெளுப்புக்கும் நடுவே எத்தனை சாம்பல் நிறங்கள்! அது கோப்பை கற்றுக்கொடுத்தது. எதை மறைத்து எதைக் காட்டுவது என்பது ஓவியம் கற்றுக்கொடுத்தது. ஓவியங்கள் எரிந்தன, அவற்றால் பழகிய கண் எரியவில்லை.

நம்மிலும் எத்தனையோ பேர் பிளஸ் டூவோடு தூரிகையை மூட்டை கட்டி வைத்தவர்கள். கவலை வேண்டாம், அந்தக் கண் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. தம்பி தங்கையரே, போனில் ஒரு நல்ல படம் வந்தால் உடனே தள்ளிவிடாதீர்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று ஒரு நிமிஷம் தேடிப் பாருங்கள். ரசனை அங்கேதான் ஆரம்பமாகிறது.