அரட்டையும் அஞ்சலும்



திருவையாற்றில் ஒரு கவிஞர் ‘அரட்டை’ என்னும் செயலியின் வழியே ஒரு வெண்பாவை அனுப்புகிறார் என்று கொள்க. மன்னார்குடியில் உள்ள அவருடைய நண்பரிடம் வாட்ஸ்அப் மட்டுமே உண்டு. இருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது, இணையமும் இருக்கிறது. ஆயினும் அந்த நான்கடி போய்ச் சேராது. அதனையே அஞ்சலட்டையில் எழுதியிருந்தால் சேர்ந்திருக்கும். 1874இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாகத் தஞ்சையில் இட்ட கடிதம் யாழ்ப்பாணத்துக்கும் கோலாலம்பூருக்கும் செல்கிறது. மின்னஞ்சலும் அவ்வாறே, யாகூவில் எழுதியதை ஜிமெயிலில் படிக்கலாம். உடனடிச் செய்தி மட்டும் ஏன் வேலிக்குள் நின்றது?

அறிவியலின் இயலாமை இதற்குக் காரணம் அன்று. 1999இல் ஜெரமி மில்லர் ‘ஜாபர்’ என்னும் திறந்த முறையை வெளியிட்டார். அதன் வழிவந்த நெறியைக் கூகுள் டாக் மேற்கொண்டது. 2006 முதல் அதில் இருந்தோர் பிற சேவைகளில் இருந்தோரோடும் உரையாட இயன்றது. அதே ஆண்டில் யாகூவும் மைக்ரோசாப்டும் தத்தம் செய்திச் சேவைகளை இணைத்தன. 2013இல் ஹாங்கவுட்ஸைக் கொணர்ந்தபோது கூகுள் அக்கதவைச் சாத்தத் தொடங்கிற்று. பயனர் பெருகிய நிறுவனம் மதகை அடைக்கிறது. சிறிய நிறுவனம் திறக்கக் கோருகிறது. கடைமடைக்காரர்களுக்கு இவ்வழக்குப் புதிதன்று.

தமிழ் எழுத்துக்கும் இத்துன்பம் பழகியதே. 1990களில் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீடு வைத்திருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டெழுதிய கவிதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற கோடும் புள்ளியுமாகக் கிடக்கும். 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொதுத்தரம் வகுக்க முயன்றது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதன் பின்னரும் பழைய கோப்புகளை மாற்றும் வேலை அச்சகங்களில் ஓயவில்லை. எனினும் இன்று எந்தக் கைப்பேசியிலும் ழகரம் ழகரமாகவே தெரிகிறது. எழுத்து ஒன்றாயிற்று, அதைச் சுமக்கும் வண்டிகள் ஒன்றாகவில்லை.

‘அரட்டை’ சோகோ நிறுவனத்தின் படைப்பு, 2021இல் வெளிவந்தது. நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தஞ்சை மாவட்டத்துக் குடும்பத்தவர். திண்ணையில் வீண்பேச்சு என்று பழிக்கப்பட்ட சொல், 2025 செப்டம்பரில் இந்தியா முழுவதும் உச்சரிக்கப்பட்டது. வடபுலத்தார் சிலர் சொல்ல வரவில்லை என்று குறைபட்டதும் உண்டு. நாள்தோறும் சேர்வோர் மூன்றே நாளில் 3,000இலிருந்து 3,50,000 ஆயினர் என்றார் வேம்பு. பணப் பரிமாற்றத்துக்கு யுபிஐ இருப்பதுபோலச் செய்திச் செயலிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றும் அப்போது அவர் கூறினார். கும்பகோணத்து வெற்றிலைக் கடைக்காரர், கூகுள் பேயில் வந்த பணமா, போன்பேயில் வந்ததா என்று பார்ப்பதில்லை. ஒப்புமை பொருத்தமானதே. செயலி பெருத்த பின்னும் இவ்வாக்கு நிற்குமா என்பதுதான் கேள்வி.

உண்மையான இடர் ஒன்றும் உண்டு. அனுப்புவோர் கைப்பேசியில் முத்திரையிட்ட செய்தி, பெறுவோர் கையில் மட்டுமே திறக்க வேண்டும்; வாட்ஸ்அப் தரும் காப்பு இது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் அமர்ந்து பிரித்து ஒட்டினால் முத்திரைக்குப் பொருளில்லை. ஆகவே இரு தரப்பும் ஒத்த முத்திரை முறையை ஏற்றாக வேண்டும். 2025 செப்டம்பரில் ‘அரட்டை’யின் அழைப்புகளுக்கு இக்காப்பு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. இணைப்பைப் பேசுவோர் முதலில் இதனைப் பேச வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தால் வழி திறந்தது. அதன் மின்னணுச் சந்தைச் சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச்சில் பெருநிறுவனங்களைப் பிணித்தன. 2025 நவம்பரில் பேர்டிசாட், ஹைகெட் என்னும் இரு சிறு செயலிகளோடு வாட்ஸ்அப் இணைவதாக அறிவிப்பு வந்தது. அங்கும் பயனர் தாமே இசைந்தால்தான் இணைப்பு இயங்கும். இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை. திருவையாற்றுக் கவிஞர் தம் வெண்பாவை நகலெடுத்து இரண்டாம் செயலியிலும் ஒட்டுகிறார். அல்லது தொலைபேசியில் அழைத்துப் படித்துக் காட்டுகிறார்.