‘அரசு சாரா’ என்றால் எந்த அரசு?

(புனே, விமான் நகரில் தமிழ்த் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்டு 1961இல் கென்னடி காலத்தில் தொடங்கப்பட்டது; 2025 ஜூலை 1 அன்று அதன் கதை முடிந்தது. ஏகாதிபத்தியத்தின் கைகளில் ஒன்று தானாகவே முறிந்துவிட்டது என்று நம்மில் சிலர் மகிழ்ந்தார்கள். அம்மகிழ்ச்சியில் என்னால் சேர முடியவில்லை. அதற்கான காரணம் இந்த நகரத்திலேயே இருக்கிறது.

2021இல் திருநர்களுக்கென ‘மித்ர்’ என்னும் மருத்துவ மையம் அமெரிக்க எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்தின் நிதியில் ஹைதராபாத்தில் திறக்கப்பட்டது. பின்னர் கல்யாணிலும் இங்கே புனேயிலும் அதே பெயரில் மையங்கள் வந்தன. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, டிரம்ப் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தார். சில வாரங்களில் மூன்று மையங்களும் மூடப்பட்டன. ஹைதராபாத் மையத்தை நடத்த மாதம் சுமார் இரண்டரை லட்சம் ரூபாய் தேவைப்பட்டதாகச் செய்திகள் கூறின. இந்த விமான் நகரில் ஐந்தாறு அடுக்கக வீடுகளின் வாடகை அவ்வளவு வரும். அத்தொகையைத் தர இந்திய அரசும் முன்வரவில்லை; மாநில அரசுகளும் முன்வரவில்லை. ஹைதராபாத் மையம் டாடா அறக்கட்டளைகளின் நிதியோடு வேறு பெயரில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. வாஷிங்டனிடமிருந்து டாடாவிடம் போனார்கள். இடையில் நம் அரசு என்ற ஒன்று குறுக்கிடவே இல்லை.

கட்சிக்கு மொழிபெயர்ப்பவர்களுக்குச் சொற்களின் மேல் ஐயம் தொழில்முறையில் வருவது. ‘அரசு சாரா நிறுவனம்’ என்று எழுதிப் பழகிவிட்டோம். சார்தல் என்றால் சாய்ந்து நிற்றல். சொந்த அரசைச் சாராத நிறுவனம் வேற்று அரசைச் சார்ந்து நின்றால் அதை என்ன பெயரிட்டு அழைப்பது? ‘பார்ட்னர்’ என்பதைப் பங்காளி என்று எழுதினால் ஊரில் சிரிப்பார்கள். பங்காளி என்பவர் பாகம் கேட்கும் உரிமை உள்ளவர். அதனால்தான் பங்காளிச் சண்டை நடக்கிறது. நிதி பெறும் நிறுவனம், நிதி தரும் அரசோடு பங்காளிச் சண்டை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பாகம் கேட்க இயலாதவரைப் பங்காளி என்பது பொருட்குற்றம்.

தமிழ்நாட்டு அனுபவத்தைப் பாருங்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. மறு ஆண்டு ‘அபாக்’ திட்டம் வந்தது. இந்திய அரசு, யுஎஸ்எய்டு, சென்னை அடையாற்றில் உள்ள தன்னார்வ சுகாதாரச் சேவை நிறுவனம் ஆகிய மூன்றுக்கும் இடையிலான முத்தரப்பு ஏற்பாடு அது. பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அந்த நிறுவனம் அதைச் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்தது. லாரி ஓட்டுநர்களிடமும் பாலியல் தொழிலாளர்களிடமும் அவ்வமைப்புகளின் களப்பணியாளர்கள் சென்றார்கள். பயன் விளைந்தது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் கணக்கு எந்தத் திசையில் சென்றது? களப்பணியாளர் தம் அமைப்புக்கும், அமைப்பு நடுநிறுவனத்துக்கும், அது முகமைக்கும் அறிக்கை அளிப்பதே இத்தகைய ஏற்பாடுகளின் இயல்பு. எத்தனை பேரைச் சந்தித்தீர்கள் என்று மேலே இருப்பவர் கேட்பார். நாளை ஏன் வரமாட்டீர்கள் என்று கேட்கும் உரிமை கீழே இருப்பவருக்கு இல்லை. அவருக்கு இட்ட பெயர் பயனாளி. களத்தில் நடந்தவருக்குக் கிடைப்பதோ ‘மதிப்பூதியம்’. அதில் மதிப்பும் குறைவு, ஊதியமும் குறைவு.

1984இல் தோழர் பிரகாஷ் காரத் ‘தி மார்க்சிஸ்ட்’ ஏட்டில் வெளிநாட்டு நிதிபெறும் தன்னார்வ அமைப்புகள் பற்றி எழுதினார். அவை ஏகாதிபத்திய வியூகத்தின் ஒரு கூறு என்பது அக்கட்டுரையின் வாதம். அது இன்றும் செல்லும் என்பதே என் கருத்து. ஆனால் அந்த வாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேலையிழந்த ஆலோசகரையும் சிகிச்சை இழந்த திருநங்கையையும் அந்த வியூகத்தின் கணக்கில் எழுதிவிடுவது சோம்பல்.

நம்மைவிட உரத்து மகிழ்ந்தவர்கள் யார் என்பதையும் பாருங்கள். 2025 பிப்ரவரியில் பாஜகவினர் யுஎஸ்எய்டு பணத்தை அந்நியச் சதி என்று முழங்கினார்கள். ஆனால் ஒன்றிய நிதியமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கையோ, இந்திய அரசோடு கூட்டாக யுஎஸ்எய்டு ஏழு திட்டங்களை நடத்திவருவதாகவும் அவற்றின் மொத்த மதிப்பு சுமார் 75 கோடி டாலர் என்றும் கூறுகிறது. அரசே கைகோத்தால் வளர்ச்சி, மற்றவர் வாங்கினால் சதி. 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் பிறந்த அயல்நாட்டுப் பங்களிப்புச் சட்டத்தை 2020இல் மேலும் இறுக்கினார்கள். பெற்ற நிதியை வேறு அமைப்புக்கு மாற்றித் தரத் தடை வந்தது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும். அதனிடமிருந்து நிதிபெற்ற கிராமத்துச் சிற்றமைப்பு தாங்காது. அந்நிய நிதியை எதிர்ப்பதும் இச்சட்டத்தை ஆதரிப்பதும் ஒன்றல்ல. இதை நம் கூட்டங்களில் இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இதே புனேயில் வேறொரு உறவும் உண்டு. குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் 1993இல் தொழிற்சங்கம் அமைத்தார்கள். அச்சங்கத்திலிருந்து பிறந்த கூட்டுறவு ‘ஸ்வச்’, 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வீடுவீடாகக் குப்பை சேகரிக்கத் தொடங்கியது. வீட்டார் மாதக் கட்டணம் தருகிறார்கள். 2020 இறுதியில் ஒப்பந்தக் காலம் முடிந்து, வேலை தனியார் ஒப்பந்தக்காரர்களுக்குப் போகும் ஆபத்து எழுந்தபோது தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். குடியிருப்புவாசிகள் பலரும் ஆதரவாக நின்றார்கள். ‘ஸ்வச்’ நிலைத்தது. குறைகள் அதிலும் உண்டு: மாநகராட்சி செய்ய வேண்டிய வேலை, நிரந்தர ஊதியம் இல்லாதோர் தோளில் ஏறியிருக்கிறது. ஆயினும் ஒப்பந்தத்தை முறிக்க வந்தவரிடம் ‘முடியாது’ என்று சொல்ல அங்கே ஒரு சங்கம் இருந்தது. ‘மித்ர்’ ஊழியருக்கு அப்படி ஒன்று இருந்ததாக எந்தச் செய்தியிலும் நான் காணவில்லை.

ஆகவே இவ்வட்டத்தின் முன் இரு வேலைகளை வைக்கிறேன். புனேயிலும் கல்யாணிலும் வேலையிழந்த களப்பணியாளர்களைச் சந்திப்போம். அவர்களில் தமிழர் இருந்தால் நம் மொழியிலேயே பேசலாம், இல்லையேல் நம் அரைகுறை மராத்தி போதும். அம்மையங்களின் பணியைப் பொதுமருத்துவமனைகளுக்குள் கொண்டுவந்து, அதே ஊழியர்களை முறையான ஊதியத்தில் அமர்த்துமாறு மகாராஷ்டிர மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்துக்கு மனு அளிப்போம். எச்.ஐ.வி. மருந்தை 2004 முதல் இந்திய அரசே இலவசமாகத் தருகிறது. மருந்துக்குக் காசு ஒதுக்கும் அரசு, அதை வாங்க வருபவரை அவமதிக்காமல் வரவேற்கும் ஊழியருக்கும் ஒதுக்க வேண்டும். மனுவின் வரைவைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். மராத்தியில் பெயர்க்க இரண்டு தோழர்கள் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.