தமிழில் கிடைத்த தேசங்கள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மாஹிமில் நம் இல்லத்தில் நடைபெற்று வரும் ஒரு பந்தயத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பெரிய விஷயமன்று, பொறுத்தருள்க.

ஆன் மார்கன் என்னும் ஆங்கில மாது, 2012-ஆம் ஆண்டில் நாட்டுக்கு ஒரு நூலாக உலகம் முழுவதையும் படித்து முடித்தார். ஐக்கிய நாடுகள் சபையில் 193 நாடுகள். அவர் கணக்கில் 196. சாவோ தோமே என்னும் தீவு நாட்டுக்கு ஆங்கிலத்தில் நூல் அகப்படாமையால், அன்பர் பலர் கூடி அவருக்காகவே ஒன்றை மொழிபெயர்த்துத் தந்தனராம்!

இரண்டாண்டுகளுக்கு முன், மழையால் லோக்கல் வண்டிகள் நின்றுபோன ஒரு மாலையில், இச்செய்தியைக் கல்லூரியில் பயிலும் நம் மகள் கூறி, "அப்பா, நாமும் தொடங்கலாமா?" என்றாள். நமக்கோ மெட்ரிகுலேஷன் ஆங்கிலம். இலாகா சுற்றறிக்கைக்குப் போதும், நாவலுக்குப் போதாது. அவளுக்கோ தமிழ் பேச வரும், படிக்க வராது. அக்குறை அவளுடையதன்று. பள்ளியில் சேர்த்த நாளில் நாம் செய்த தீர்மானம் அது. ஆகவே ஓர் உடன்படிக்கை செய்து கொண்டோம். அவள் ஆங்கிலத்தில் தேடுவாள். நாம் தமிழில் தேடுவோம். தமிழில் கிடைப்பதை இரவு உணவுக்குப் பின் உரக்கப் படிப்போம்.

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் ஆங்கில நூல்கள் குன்றாகக் குவிந்து கிடக்கின்றன. தமிழ் நூல் கேட்டால், "அண்ணா, அது எடை போடப் போய்விட்டது" என்கிறார்கள். நமக்கு நூல் கிடைத்த இடங்கள் வேறு. ஓய்வு பெற்ற அன்பர்களின் பரண்களும், ஊருக்குக் குடிபெயர்வோரின் தகரப் பெட்டிகளுமே நமது நூல்நிலையம்.

முதலில் அகப்பட்டது நார்வே நாட்டுக் நட் ஹாம்சனின் 'நிலவளம்', க.நா.சு. மொழிபெயர்ப்பு, பைண்டு கிழிந்தது. காட்டுக்குள் தனியே புகுந்து நிலம் திருத்தும் ஐசக்கின் கதையை, திருநெல்வேலிச் சீமையில் நாற்று நட்ட நம் தாயார் கேட்டுக் கொண்டே இருந்தார். "பனி பெய்கிற ஊரில் உருளைக்கிழங்கு அழுகாதோ?" என்பதே அவர் எழுப்பிய ஒரே ஐயம். இன்றளவும் நாம் விடை கூறவில்லை.

அடுத்து நைஜீரியா. சினுவா அச்சிபியின் நாவலை ஈழத்தவரான என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' எனத் தமிழாக்கியிருக்கிறார். நாம் தமிழில் படிக்க, மகள் ஆங்கில மூலத்தை மடியில் வைத்துத் தொடர்ந்தாள். நாம் ஒரு வரியைத் தாவியதைக் கண்டுபிடித்தும் விட்டாள்!

பிறகு ஒரு வழக்கு எழுந்தது. மாஸ்கோவில் அச்சான ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' நூலை நாம் ருஷியக் கணக்கில் எழுத முற்பட்டோம். அவர் பிறந்த கிர்கீசியா 1991 முதல் தனிநாடு என்று மகள் வாதாடி வென்றாள். தானே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த துய்ஷேன் என்னும் இளைஞன், குதிரைலாயத்தைப் பள்ளியாக்கிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் கதை அது. பாதியில் நமக்கு இரவுப் பணி வந்து, படிப்பு நின்றது. ஒரு விடியலில் வீடு திரும்புகையில், மகள் தன் ஆச்சிக்கு அடுத்த பக்கத்தைப் படித்துக் கொண்டிருந்தாள். விரல் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தது. அந்த ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்றாம். "ழகரத்தில்தான் தடுக்கி விழுகிறாள்" என்று தாயார் புகார் செய்தார். நாம் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றிருந்தோம்.

இன்றுவரை அவள் கணக்கில் 41 நாடுகள். நம் கணக்கில் 17. தமிழில் ருஷியாவும் பிரான்சும் தாராளம். வெ. ஸ்ரீராம் போல் பிரெஞ்சிலிருந்தே நேராகத் தந்தவர்களும் உளர். ஆனால் 1903 முதல் சென்னையிலிருந்து நம்மவர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய பிஜித் தீவின் நூல் ஒன்றும் நம் கைக்கு எட்டவில்லை. இது நமக்குப் பெரும் மனக்குறை.

மே மாதம் ஊர் செல்வோர் பரண்களைச் சற்று நோக்குமாறு வேண்டுகிறோம். அட்டை இல்லாவிடினும் குற்றமில்லை. ஒட்டித் திருப்பித் தருவோம். கோர்க்கியின் 'தாய்' மட்டும் வேண்டாம். மூன்று படிகள் சேர்ந்துவிட்டன.