கதவைச் சாத்தாதீர்கள்!

பட்டிமன்றத் தலைப்பு: கலை கற்கும் குழந்தைக்குப் பெரிதும் துணை நிற்பது ஆசிரியரின் திறமையா? பெற்றோரின் ஈடுபாடா?

(‘பெற்றோரின் ஈடுபாடே’ என்ற அணியில் பேசியது)

நகைச்சுவையும் நயமும் கலந்து மன்றத்தை நடத்திக்கொண்டிருக்கிற நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, கைதட்டலையெல்லாம் மொத்தமாக வாரிக்கொண்டு போய்விட்ட எதிரணி நண்பர் அவர்களே! என் அணித் தோழர்களே! அரங்கிலே நிறைந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! வீட்டிலே சாப்பிட்டுக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற அன்பு நெஞ்சங்களே!

நண்பர் என்ன கேட்டார்? “தாய்க்கு ‘ச’ தெரியாது, தகப்பனுக்கு ‘ப’ தெரியாது. இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து பிள்ளைக்கு வயலின் சொல்லிக் கொடுத்தா அக்கம்பக்கத்துல குடியிருக்க முடியுமா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், இந்தக் கேள்விக்கு உலகம் ஒப்புக்கொள்ளும்படி ஒருவர் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் பெற்றோர் அல்லர், ஓர் ஆசிரியர்! எங்கள் அணிக்கு எதிரணியிலிருந்தே சாட்சி!

அவர் பெயர் ஷினிச்சி சுசூகி. சுசூகி என்றதும் உங்களுக்கு மோட்டார் சைக்கிள் ஞாபகம் வரும். அவர் வேற, இவர் வேற. இவர் பிறந்தது 1898-இல், ஜப்பானிலே நகோயா என்ற ஊரில். தகப்பனார் வயலின் தொழிற்சாலை வைத்திருந்தார். வீடு பூராவும் வயலின். ஆனால் பதினேழு வயசு வரைக்கும் இவர் அதைத் தொட்டு வாசித்தவர் இல்லை. வயலின் கடையிலே பிறந்தா வயலின் வந்துடுமா? அரிசி மண்டியிலே பிறந்தவனுக்குச் சோறு வடிக்கத் தெரிஞ்சுடுமா? ஒருநாள் மிஷா எல்மன் என்ற மேதை வாசித்த இசைத்தட்டைக் கேட்டார். சொக்கிப்போனார். தொழிற்சாலையிலிருந்து ஒரு வயலினை எடுத்துவந்து, இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டுத் தாமாகவே வாசித்துப் பார்த்தார். பிறகு ஜெர்மனிக்குப் போய் முறையாகப் படித்துத் திரும்பினார்.

திரும்பி வந்தவரிடம் ஒரு தகப்பனார் நாலு வயதுப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தி, “இவனுக்குச் சொல்லிக் கொடுங்கள்” என்றார். நாலு வயது! எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. எப்படிச் சொல்லிக் கொடுப்பது? யோசித்துக்கொண்டே இருந்த மனிதருக்கு ஒருநாள் பளிச்சென்று ஓர் உண்மை பிடிபட்டது. ‘ஜப்பான் குழந்தைகள் எல்லாம் ஜப்பான் மொழி பேசுகிறார்கள்!’

நீங்க சிரிக்கிறீங்க. அன்றைக்கு அவர் சொன்னபோதும், “இதிலே என்னய்யா அதிசயம்?” என்றுதான் கேட்டார்கள். யோசித்துப் பாருங்கள் ஐயா. மொழி என்பது எத்தனை கடினமான சங்கதி! முப்பது வருஷமாக இலக்கணம் நடத்துகிறவன் சொல்கிறேன். வேற்றுமை உருபு என்றால் கல்லூரி மாணவன் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுகிறான். மூணு வயதுக் குழந்தை அதே வேற்றுமை உருபைப் போட்டு, “அம்மாவுக்கு வேணாம், எனக்கு வேணும்” என்று மிட்டாயைப் பிடுங்குகிறது! (கைதட்டல்) இதற்கு எந்த டியூஷனுக்கு அனுப்பினோம்? தமிழ் பேச டியூஷன் அனுப்பும் நிலைமை இப்போது சில வீடுகளில் வந்திருக்கிறது. அது வேற பட்டிமன்றம்.

தாய் பேசுகிறாள், குழந்தை கேட்கிறது. ஒருநாள் ‘ம்மா’ என்கிறது. வீடே கூத்தாடுகிறது. “உச்சரிப்பு சரியில்லை, போய் நூறு தடவை சொல்லிவிட்டு வா” என்று எந்தத் தாயாவது சொன்னாளா? மறுநாள் புதுச்சொல் வந்தால், பழைய சொல்லைக் குழந்தை விட்டுவிடுகிறதா? அதையும் சொல்கிறது, இதையும் சொல்கிறது. கேட்பது, திரும்பத் திரும்பச் சொல்வது, சொன்னதும் பாராட்டு கிடைப்பது. இந்த மூன்றையும் அப்படியே தூக்கிக் கொண்டுவந்து வயலினுக்கு வைத்தார் சுசூகி. தாய்மொழி முறை என்றே பெயர் சொன்னார். குழலையும் யாழையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு மழலையைத் தூக்கிக்கொண்டவர் நம் வள்ளுவர். வயலினைக் கையில் வைத்துக்கொண்டே மழலையிடம் பாடம் கேட்டவர் சுசூகி.

சரி, அந்தப் பள்ளியிலே முதல் பாடம் யாருக்கு? இங்கேதான் நடுவர் அவர்கள் கொஞ்சம் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் பாடம் குழந்தைக்கு இல்லை, தாய்க்கு! போர் முடிந்த பிறகு, 1946-இல் மட்சுமோட்டோ என்ற ஊரில் அவர் பள்ளி தொடங்கியபோது அதுதான் ஏற்பாடு. குழந்தை கையிலே வயலின் கிடையாது. தாய் முதலில் ஒரே ஒரு பாட்டு வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதே பாட்டு இசைத்தட்டிலே தினமும் வீட்டில் ஒலிக்க வேண்டும். தாயின் கையில் கொடுப்பது பெரிய வயலின் இல்லை. குழந்தை அளவுக்குச் செய்த சின்ன வயலின். என்ன நடக்கும்? குழந்தை பார்க்கிறது. அம்மா வாசிக்கிறாள், மற்ற பிள்ளைகள் வாசிக்கிறார்கள், நம்மிடம் மட்டும் இல்லை. ஒருநாள் ஓடிவந்து, “கொடு, அது என்னோடது!” என்று பிடுங்கிக்கொள்கிறது. அன்றைக்குத்தான் பாடம் ஆரம்பம். ‘கத்துக்கோ, கத்துக்கோ’ என்று நாம் துரத்துகிறோம். ‘எனக்கும் வேணும்’ என்று குழந்தை துரத்தும்படி செய்தார் அவர். (கைதட்டல்)

‘ச’ தெரியாத தாய் என்ன செய்வாள் என்று கேட்டாரே நண்பர், அவருக்கு இதுதான் பதில். தாய் வித்துவான் ஆக வேண்டாம். ஒரு பாட்டு போதும். வில்லைப் பிடித்தால் கட்டைவிரல் எப்படி வலிக்கும், கழுத்து எங்கே இறுகும் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். அதற்குப் பிறகு, “ஏண்டா இதுகூட வரலை?” என்று அவள் வாயிலிருந்து வரவே வராது!

வகுப்பிலே தாயோ தகப்பனோ கூடவே உட்கார்ந்து, ஆசிரியர் சொல்வதைக் குறித்துக்கொள்வார்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஆசிரியரிடம் அரை மணி நேரப் பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி 167½ மணி நேரமும் குழந்தை எங்கே இருக்கிறது? கணக்கை நடுவரே போட்டுக்கொள்ளட்டும்.

“வேலைக்குப் போகிற பெற்றோருக்கு நேரம் ஏது?” என்பீர்கள். சின்னக் குழந்தைக்குத் தொடக்கத்தில் சில நிமிஷங்கள் போதும் ஐயா. ஆனால் தினமும். சாப்பிடுவதைப் போல தினமும்.

இப்படி வளர்ந்த பிள்ளைகள் 1955-இல் டோக்கியோவில் சுமார் 1200 பேர் ஒன்றாக நின்று வயலின் வாசித்தார்கள். 1964-இல் பத்துப் பிள்ளைகள் அமெரிக்கா போய் வாசித்தார்கள். அங்கேயிருந்த இசை ஆசிரியர்கள் அசந்துபோனார்கள். ஆயினும், எல்லாரையும் வித்துவான் ஆக்குவது தம் நோக்கமில்லை, நல்ல மனமுள்ள மனிதர்களை வளர்ப்பதுதான் என்று கடைசிவரை சொல்லிவந்தார் சுசூகி. 1998-இல் மறைந்தார்.

எதிரணி நண்பர் குருகுலத்தைச் சொன்னார். “குருவிடம் போனான், மேதை ஆனான்” என்றார். ஐயா, குருகுலம் என்றால் என்ன? குருவின் வீடு. விடிந்தால் பாட்டு, மாவாட்டும்போதும் பாட்டு. கேள்வி என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தாரே, அந்தக் கேள்வி! அங்கே குரு வெறும் ஆசிரியரா? சோறு போட்ட தாய், தோளில் தட்டிய தகப்பன். சுசூகி என்ன செய்தார் தெரியுமா? கோஜி டொயோடா என்று அவரிடம் முன்பு படித்த ஒரு சிறுவன் பெற்றோரை இழந்துவிட்டான். எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. போர் முடிந்ததும் வானொலியில் அறிவிப்புக் கொடுத்துத் தேடி, தம் வீட்டுக்கே அழைத்துவந்து வளர்த்தார். பிற்காலத்தில் பெர்லினில் ஒரு பெரிய இசைக்குழுவுக்கு முதல் வயலின் கலைஞனாக உயர்ந்தான் அந்தப் பிள்ளை. ‘பாடம் மட்டும் சொன்னால் போதாது, பெற்றோரும் வேண்டும்’ என்று புரிந்த ஆசிரியர், தாமே பெற்றோர் ஆனார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கடைசியாக ஒன்று. இதை மேடையில் சொல்லலாமா என்று நான் தயங்கியதுண்டு.

என் மகளும் வயலின் படித்தாள். ஏழு வயது. நல்ல ஆசிரியை, அவரை ஒரு குறை சொல்ல முடியாது. ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவேன். வெளியே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். திரும்பும்போது கேட்பேன்: “எத்தனை பாடம் முடிஞ்சது? உன்கூடச் சேர்ந்த பொண்ணு கீர்த்தனைக்குப் போயிட்டாளாமே?” வீட்டில் அவள் சாதகம் பண்ணும்போது, நான் இதேபோல ஒரு பட்டிமன்றத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பேன். சத்தம் இடைஞ்சலாக இருக்கும். எழுந்து போய் அவள் அறைக்கதவைச் சாத்திவிட்டு வருவேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள். திறக்கவே இல்லை. ‘பிள்ளைக்கு ஆர்வம் இல்லை’ என்று ஊருக்குச் சொன்னேன். போன வருஷம் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் பெட்டி வந்தது. “ஏம்மா விட்டுட்டே?” என்று கேட்டேன். மகள் சொன்னாள்: “நீங்க கதவைச் சாத்துவீங்கப்பா. நான் நல்லா வாசிக்கலை போலிருக்குன்னு நெனச்சேன்.”

நடுவர் அவர்களே, கட்டணம் கட்டினேன். கொண்டுபோய் விட்டேன். நல்ல ஆசிரியரைத் தேடிக் கொடுத்தேன். எல்லாம் செய்தேன், பக்கத்தில் உட்காரவில்லை.

ஆசிரியர், பெற்றோர், குழந்தை. இது முக்காலி. மூன்று காலும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியர் ஊன்றிக் கொடுத்த கால், வீட்டில் பெற்றோர் பிடித்துக்கொள்ளாவிட்டால் நிற்காது. வீட்டில் பிள்ளை கீச்சுக்கீச்சென்று வில்லை இழுக்கிறதா? கைப்பேசியைக் கீழே வையுங்கள். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால், “இன்னொரு தடவை வாசி, கேட்கிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். கதவை மட்டும் சாத்தாதீர்கள்.

பெரிதும் துணை நிற்பது பெற்றோரின் ஈடுபாடே என்று தீர்ப்பு வழங்க வேண்டுமென நடுவரைக் கேட்டு அமர்கிறேன்.