“கல்யாணம் ஆயிடுச்சா?”: கம்பெனி கேட்ல கேட்கிற கேள்வி

நம்ம ஊர்ல பஸ்ல பக்கத்துல உட்கார்ற பாட்டிகூட ரெண்டாவது நிமிஷத்துல கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு: “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” யாரும் பெருசா எடுத்துக்க மாட்டோம். அதே கேள்வியை ஒரு ஃபாக்டரி வாசல்ல செக்யூரிட்டி கேட்டு, “ஆமா”ன்னு பதில் சொன்னா “நீங்க கிளம்பலாம்”னு சொல்றார்னா? அந்த ஒரு வார்த்தையில ஒரு வீட்டோட மாச வருமானம் போயிடுது. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல இடத்தைச் சொல்லிடறேன். நான் இருக்கிறது செங்கல்பட்டு. ஜி.எஸ்.டி. ரோட்டுல விடியற்காலை அஞ்சு மணிக்கு நின்னு பார்த்தீங்கன்னா வெள்ளை வெள்ளையா கம்பெனி பஸ் போயிட்டே இருக்கும். சிலது மறைமலை நகர், சிலது மகிந்திரா சிட்டி. இன்னும் சிலது சிங்கப்பெருமாள் கோவில்ல திரும்பி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போகும். ஸ்ரீபெரும்புதூர் இன்னைக்கு காஞ்சிபுரம் மாவட்டம். ஆனா எங்க அப்பா காலத்துல எல்லாமே ஒரே செங்கல்பட்டு மாவட்டம்தான். வேலை தேடிப் போற பொண்ணுங்களுக்கு மாவட்ட எல்லை இன்னைக்கும் கிடையாது. மாமல்லபுரம், கல்பாக்கம், திருக்கழுக்குன்றம் பக்கத்துல இருந்தெல்லாம் அந்தப் பக்கம் போறாங்க.

இதுல பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கு. இந்தியா முழுக்க ஃபாக்டரிகள்ல வேலை செய்யிற பெண்கள்ல பத்துல நாலு பேருக்கு மேல தமிழ்நாட்டுலதான் இருக்காங்க. அதுக்கு இந்த எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளும் ஒரு காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. கேள்வி என்னன்னா, அந்த வாசல் எந்தப் பெண்களுக்குத் திறந்திருக்கு?

2024 ஜூன் மாசம் ராய்ட்டர்ஸ் ஒரு பெரிய புலனாய்வுச் செய்தி வெளியிட்டாங்க. ஸ்ரீபெரும்புதூர்ல இருக்கிற ஃபாக்ஸ்கான் ஐபோன் ஃபாக்டரியில, அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்களைத் திட்டமிட்டே ஒதுக்குறாங்கன்னு. ஃபாக்ஸ்கான் தைவான் கம்பெனி, ஆப்பிளுக்கு போன் செஞ்சு கொடுக்கிறவங்க. ஒரு டஜனுக்கு மேற்பட்ட ஆள் எடுக்கிற ஏஜென்சிகளைச் சேர்ந்தவங்களோடயும், ஃபாக்ஸ்கானோட இந்நாள், முன்னாள் எச்.ஆர். அதிகாரிகளோடயும் பேசி எழுதின செய்தி அது.

அந்தச் செய்தியில ரெண்டு சகோதரிகள் வர்றாங்க. இருபதுகள்ல இருக்கிறவங்க. வாட்ஸ்அப்ல விளம்பரம் பார்த்துட்டு 2023 மார்ச்ல இன்டர்வியூவுக்குப் போறாங்க. கேட்லயே செக்யூரிட்டி கேட்டது இந்தக் கேள்விதான். ஆனதுன்னு சொன்னாங்க, திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கு அதைவிட மனசுல நின்னது இன்னொண்ணு. பஸ் ஸ்டாண்டுல இருந்து அவங்களைக் கூட்டிட்டுப் போன ஆட்டோக்காரரே வழியில சொல்லியிருக்கார், அங்க கல்யாணம் ஆனவங்களை எடுக்க மாட்டாங்கன்னு.

எந்த நோட்டீஸ் போர்டுலயும் இல்லாத ஒரு விதி ஆட்டோ ஸ்டாண்டுக்குத் தெரிஞ்சிருக்கு. கலிஃபோர்னியாவுல இருக்கிற ஆப்பிளோட சப்ளையர் விதிமுறையில, திருமண நிலையை வச்சுப் பாகுபாடு காட்டக் கூடாதுன்னு எழுத்துல இருக்கு. எழுத்துல ஒரு விதி, கேட்ல வேற விதி.

ஏன் வேண்டாம்ங்கிறாங்க? ராய்ட்டர்ஸ்கிட்ட ஏஜென்ட்கள் சொன்ன காரணங்கள் நமக்கெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகினதுதான். குடும்பப் பொறுப்பு அதிகம், கர்ப்பம் ஆவாங்க, அடிக்கடி லீவு போடுவாங்க. ஆனா அதே செய்தியில இன்னொரு தகவல் இருக்கு. உற்பத்தி அதிகமா இருக்கிற சீசன்ல, ஆள் பத்தாதப்போ, இந்தத் தடையைத் தளர்த்துவாங்களாம். சில ஏஜென்சிகள் கல்யாணம் ஆனதை மறைக்கவே உதவி பண்ணுவாங்களாம். கொஞ்சம் யோசிங்க. புது மாடல் போன் வர்ற சீசன்ல அந்த லைன்ல நல்லா வேலை செய்ய முடியிற ஒரு பொண்ணு, சீசன் முடிஞ்சதும் எப்படி லாயக்கில்லாதவளா ஆகிடுவா?

கம்பெனி தரப்பையும் சொல்லணும். 2022-ல ஆள் எடுக்கிற முறையில குறைகள் இருந்ததை ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் ஒத்துக்கிட்டாங்க, சரி பண்ணிட்டோம்னாங்க. ஆனா ராய்ட்டர்ஸ் பதிவு பண்ண சம்பவங்கள் 2023-லயும் 2024-லயும் நடந்தது. பாகுபாடு காட்டுறோம்ங்கிற குற்றச்சாட்டை ஃபாக்ஸ்கான் உறுதியா மறுத்தது. சமீபத்துல வேலைக்கு எடுத்த பெண்கள்ல 25 சதவீதம் பேர் திருமணமானவங்கன்னு சொன்னது.

மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசுகிட்ட அறிக்கை கேட்டது. ஜூலை 1-ம் தேதி அதிகாரிகள் ஃபாக்டரிக்கே போனாங்க. அவங்ககிட்ட கம்பெனி கொடுத்த கணக்கு இது: மொத்தம் 41,281 பேர், அதுல பெண்கள் 33,360 பேர், அதுல திருமணமானவங்க சுமார் 2,750 பேர். அதாவது எட்டு சதவீதம். இந்த எண்ணை மட்டும் வச்சு பாகுபாடுன்னு தீர்ப்பு எழுதிட முடியாது. ஹாஸ்டல்ல தங்கி வேலை செய்யிறவங்க பெரும்பாலும் இளம் பொண்ணுங்க, கல்யாணம் ஆனதும் தானா நின்னுடறவங்களும் உண்டு. ஆனா ஆட்டோக்காரர் சொன்னதையும் இந்த எட்டு சதவீதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா கேள்வி வராம இருக்காது. தேசிய மனித உரிமை ஆணையமும் நோட்டீஸ் அனுப்பிச்சு. அந்த வருஷம் நவம்பர்ல, வேலை விளம்பரங்கள்ல வயசு, பாலினம், திருமண நிலை எதையும் போடாதீங்கன்னு ஃபாக்ஸ்கான் ஏஜென்ட்களுக்குச் சொன்னதா ராய்ட்டர்ஸ் எழுதினாங்க. விளம்பரத்துல இருந்து எடுத்தாச்சு, நல்லது. கேட்ல இருந்து எடுத்தாச்சாங்கிறதுதான் மிச்சம் இருக்கிற கேள்வி.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்திக்கிறேன். இதைக் கேட்டதும் “வெளிநாட்டுக்காரன் நம்மள எப்படி நடத்துறான் பாரு”ன்னு கோபம் வரும். கோபப்படுங்க, ஆனா கேட்ல நின்னு கேட்டது யாரு? நம்ம ஊர்க்காரர். வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்ட ஏஜென்டும் நம்ம ஊர்க்காரர். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து ஸ்பின்னிங் மில்லுகள்ல “சுமங்கலித் திட்டம்”னு ஒண்ணு இருந்துச்சு. கல்யாணம் ஆகாத சின்னப் பொண்ணுங்களை மூணு வருஷத்துக்கு எடுத்து, கடைசியில கல்யாணச் செலவுக்குன்னு மொத்தமா பணம் தர்றதா சொன்ன திட்டம். அது தைவான்ல இருந்து வரலை. கல்யாணத்துக்கு முன்னாடி வேலை, அப்புறம் வீடுங்கிற கணக்கு இங்கேயே ரெடியா இருந்துச்சு. வெளிநாட்டுக் கம்பெனிக்கு அது வசதியா இருந்துச்சு.

அப்போ வெளிநாட்டுக் கம்பெனிங்கிறது விஷயமே இல்லையா? விஷயம்தான். பிராண்ட் அமெரிக்காவுல, ஃபாக்டரி முதலாளி தைவான்ல, ஆள் எடுக்கிறது இங்க இருக்கிற கன்சல்டன்சி. யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கை காட்டலாம். திருப்பி அனுப்பப்பட்ட பொண்ணு கையில ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. எங்க போய், யார் மேல புகார் கொடுப்பா?

எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு, எனக்குத் தங்கச்சி முறை, திருக்கழுக்குன்றம் பக்கம். கம்பெனி பேரு வேண்டாம், அது இந்தச் செய்தியில வர்ற கம்பெனியும் இல்லை. ஏஜென்ட் சொன்னபடி தாலியையும் மெட்டியையும் கழட்டிப் பையில வச்சுட்டு இன்டர்வியூ போனா, வேலை கிடைச்சது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. படிவம் எல்லாத்துலயும் “திருமணம் ஆகவில்லை”. ஒன்பது மாசம் நல்லா போச்சு, லைன்ல நல்ல பேர். அப்புறம் குழந்தை உண்டாச்சு. சந்தோஷமா சொல்ல வேண்டிய விஷயத்தை யார்கிட்டயும் சொல்ல முடியலை. சூப்பர்வைசர்கிட்ட சொன்னா படிவத்துல பொய் சொன்னதா ஆகிடும். “அண்ணா, உடம்பு சரியில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்”னா. அவளுக்கு வர வேண்டிய பேறுகாலப் பணத்தை அவ கேட்கவே இல்லை.

இந்தக் கேள்வியோட முழு விலை இதுதான்னு எனக்கு அப்போதான் உறைச்சுது. “ஆமா”ன்னு சொன்னவங்களுக்கு வேலை போச்சு. “இல்லை”ன்னு சொன்னவங்களுக்கு வேலை கிடைச்சு உரிமை போச்சு.

இப்போ சட்டம். கம்பெனிக்குச் செலவாகும், அதான் தயங்குறாங்கன்னு ஒரு வாதம் சொல்வாங்க. பேறுகால விடுப்பு 2017-ல 12 வாரத்துல இருந்து 26 வாரம் ஆச்சு, முதல் ரெண்டு குழந்தைக்கு. ஆனா மாசம் 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம் வாங்குறவங்க இ.எஸ்.ஐ.-க்குள்ள வர்றாங்க. அவங்களுக்கு அந்த 26 வாரப் பணத்தைக் கொடுக்கிறது இ.எஸ்.ஐ. கழகம். அதுக்குத்தான் மாசாமாசம் தொழிலாளிகிட்ட 0.75 சதவீதம், முதலாளிகிட்ட 3.25 சதவீதம் வாங்குறாங்க, கல்யாணம் ஆனவங்க ஆகாதவங்க எல்லாருக்கும் சேர்த்து. லைன்ல நிக்கிற பெரும்பாலான பொண்ணுங்க இதுக்குள்ளதான் வருவாங்க. அப்போ மிஞ்சுறது ஒரே வாதம்: ஆள் லீவுல போனா லைன் நிக்கும்.

அந்த வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் 1960-கள்லயே பதில் சொல்லியாச்சு. பம்பாய்ல இன்டர்நேஷனல் ஃபிராஞ்சைசஸ்னு ஒரு மருந்துக் கம்பெனி. அங்க ஒரு பிரிவுல வேலை பார்க்கிற பெண்களுக்குக் கல்யாணம் ஆனா வேலை தானாவே போயிடும்னு விதி. பம்பாய் லேபர் யூனியன் வழக்குப் போட்டாங்க. கம்பெனி சொன்னது என்ன தெரியுமா? டீமா செய்யிற வேலை, கல்யாணம் ஆனவங்க அதிகமா லீவு போடுவாங்கன்னு. அதே வசனம்! நீதிமன்றம் ஏத்துக்கலை. வித்தியாசம்னு இருக்கிறது பேறுகால விடுப்பு மட்டும்தான், அதுக்கு மாத்து ஆள் கொஞ்சம் பேரைக் கூடுதலா வச்சுக்கிட்டா போதும்னு சொல்லி அந்த விதியை நீக்கிச்சு. 2024 பிப்ரவரியிலகூட, கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்காக ராணுவ நர்ஸ் வேலையில இருந்து அனுப்பப்பட்ட செலினா ஜான் வழக்குல, அது அப்பட்டமான பாலினப் பாகுபாடுன்னு சொல்லி 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னாங்க.

இதுல ஒண்ணு கவனிச்சீங்களா? ரெண்டு வழக்குமே ஏற்கெனவே வேலையில இருந்தவங்களோடது. கையில காட்ட ஒரு வேலை இருந்துச்சு. கேட்ல திரும்பினவங்க கையில அது எதுவுமே இல்லை. வேலைக்கு எடுக்கிறப்பவே பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாதுன்னு 1976 சம ஊதியச் சட்டத்தோட 5-வது பிரிவு சொல்லிச்சு. இப்போ அந்த இடத்துல 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கு, அதுலயும் அந்தத் தடை இருக்கு. ஆனா “திருமண நிலை”ங்கிற வார்த்தை அதுல நேரடியா இல்லை. “நாங்க ஆயிரக்கணக்குல பெண்களைத்தானே எடுக்கிறோம்”னு கம்பெனி சொல்லிடலாம். அதுக்கு என்னோட பதில் சிம்பிள்: அதே கேட்ல வர்ற பையன்கிட்ட இந்தக் கேள்வியைக் கேட்கிறீங்களா? அவன்கிட்ட கேட்கலைன்னா, அது பாலினப் பாகுபாடுதான்.

சரி, இதைக் கேட்கிற நீங்க என்ன பண்ணலாம்? உங்கள்ல பல பேர் ஓ.எம்.ஆர்.ல, சிறுசேரியில வேலை செய்யிறவங்க. சிறுசேரியும் செங்கல்பட்டு மாவட்டம்தான். ஏ.சி. ரூம் இன்டர்வியூவுல இதே கேள்வி “எதிர்காலத் திட்டம் என்ன?”னு நாசூக்கா வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்க எச்.ஆர்.ல இருந்தீங்கன்னா உங்க விண்ணப்பப் படிவத்தைத் திறந்து பாருங்க. “திருமண நிலை”ன்னு ஒரு கட்டம் இருக்கா? பி.எஃப். நாமினிக்கு, இன்சூரன்ஸுக்கு அது வேணும், சரி. ஆனா அதெல்லாம் வேலை கொடுத்த பிறகு. முன்னாடியே எதுக்கு? மீட்டிங்ல இதை ஒரு தடவை கேளுங்க.

வேலை தேடுறவங்களுக்கு, அல்லது வேலை தேடுற அக்கா தங்கச்சி உங்க வீட்டுல இருந்தா: அந்த வாட்ஸ்அப் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. ஏஜென்ட் நம்பர், தேதி, யார் என்ன சொன்னாங்கங்கிறதை அன்னைக்கே எழுதி வைங்க. “ஏன் எடுக்கலைன்னு மெசேஜ்ல சொல்லுங்க சார்”னு கேளுங்க. மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கோ, ஒரு சங்கத்துக்கோ போறப்போ கையில காட்ட ஏதாவது இருக்கும். ஏற்கெனவே உள்ள போய், மறைச்சு வேலை செஞ்சுட்டு இருந்தீங்கன்னா, பயந்துட்டு தனியா ராஜினாமா எழுதாதீங்க. முதல்ல சங்கத்துலயோ வக்கீல்கிட்டயோ பேசுங்க. உங்க பேர்ல கட்டின இ.எஸ்.ஐ. பணம் உங்களோடது.

என் தங்கச்சி இப்போ மாமல்லபுரத்துல ஒரு ரிசார்ட்ல ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறா. இந்த எபிசோட்ல அவ கதையைச் சொல்லலாமான்னு அவகிட்ட கேட்டேன். “சொல்லுண்ணா. ஆனா நான் பொய் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே, சொல்ல வச்சாங்கன்னு சொல்லு”ன்னா. சொல்லிட்டேன்.

உங்ககிட்ட இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தா, நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. பேர் போட வேண்டாம்னா போட மாட்டோம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.