ஒரு டீஸ்பூனில் அரைக் கிலோ இலை

ஊட்டிக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பையில் மூன்று பொருள் கட்டாயம் இருக்கும். வர்க்கி, சாக்லேட், ஒரு பாட்டில் நீலகிரித் தைலம். வர்க்கியும் சாக்லேட்டும் இரண்டே நாளில் தீர்ந்துபோகும். தைலம் வருஷக்கணக்கில் வீட்டிலேயே இருக்கும்: ஜன்னல் திட்டில், சாமி அலமாரி ஓரத்தில், கட்டில் தலைமாட்டில். இன்றைய உரை அந்த பாட்டிலைப் பற்றியது. நேரம் இடம் கொடுத்தால் கற்பூரம், விண்டர்கிரீன், கிராம்பு எண்ணெய் ஆகியவற்றையும் பார்த்துவிடலாம்.

இந்த உரையை எழுதியவர் மேட்டுப்பாளையத்தில் மருந்துக் கடை கவுண்டரில் நிற்பவர். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் பாட்டிலைக் கையில் பிடித்தபடி சந்தேகம் கேட்கிற இடம் அது. தைலத்தின் மேல் அவருக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆகவே முதலில் அது எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடலாம். பாதுகாப்பு பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதி அங்கேயே இருக்கிறது.

நீலகிரியில் தைல மரம் ஆதியிலிருந்து இருந்ததல்ல. ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து 1843 வாக்கில் கொண்டுவந்து நட்டது. குளிர்ப் பிரதேசத்தில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு விறகு போதவில்லை. சோலைக்காடுகள் அழிந்துகொண்டிருந்தன, சட்டென்று வளர்கிற மரம் ஒன்று தேவைப்பட்டது. விறகுக்காக வந்த மரம் இலையால் பேர் வாங்கிவிட்டது.

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிச் சரிவுகளில் தைலம் காய்ச்சும் கொட்டகை கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். தகரக் கூரை. நடுவில் பெரிய செம்பு அண்டா. தண்ணீர் விட்டு, இலையை இடைவெளி இல்லாமல் அழுத்தி நிரப்பி, ஆவி கசியாமல் மூடியை இறுக்குவார்கள். அடியில் தீ எரியும். அதற்கு விறகு வாங்குவதில்லை, முந்தைய ஈட்டில் எண்ணெய் இழந்து காய்ந்த இலைதான் எரிகிறது. மேலே கிளம்பும் ஆவி ஒரு குழாய்க்குள் புகுந்து, குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் முங்கிப் போய், மறுமுனையில் சொட்டுச் சொட்டாக விழும். ஏந்தி நிற்கும் பாத்திரத்தில் கீழே தண்ணீர் நிற்கும், மேலே வெளிர் மஞ்சளாக மெல்லிய ஏடு மிதக்கும். அந்த ஏட்டைப் பிரித்தெடுத்தால் அதுதான் தைலம். பல மணி நேரம் தீயெரித்துக் கிடைப்பது சொற்பம்: நூறு கிலோ இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ, இலை நன்றாக இருந்தால் சற்றே கூடுதல்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு டீஸ்பூன் 5 மில்லி. அந்த அளவு தைலம் திரள ஏறக்குறைய அரைக் கிலோ இலை வெந்திருக்கிறது. அரைக் கிலோ தைல இலையை யாரும் ஒரு குழந்தைக்கு ஊட்டப் போவதில்லை. ஆனால் பாட்டிலைச் சாய்த்தால் அதே அளவு ஒரு மடக்கில் உள்ளே போய்விடும்.

பாட்டி காலத்துச் சித்த வைத்தியத் தைலங்கள் வேறு வகை. அவை நல்லெண்ணெயில் மூலிகையைப் போட்டுக் காய்ச்சியவை. உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்க்கலாம். நீலகிரித் தைலத்தில் அப்படி எந்த எண்ணெயும் கலப்பதில்லை, முழுக்க முழுக்கச் சாரம். அதன் பெரும்பகுதி சினியோல் என்கிற ஒரே வேதிப்பொருள். இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால் கை பழக்கத்தில் ஒரே மாதிரி ஊற்றிவிடுகிறது. சந்தேகமாக இருந்தால் பழைய தெர்மாகோல் துண்டின் மேல் ஒரு சொட்டு தைலம் விட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் அந்த இடம் கரைந்து குழி விழும். நல்லெண்ணெய் அதைச் செய்யாது. மலிவான பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் தைலத்தை வாங்க வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்.

சரி, கவுண்டருக்கு வருவோம். மழைக்காலம் ஒன்றில் காரமடைப் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். கையில் பேரக் குழந்தைக்காக வாங்கிய பாட்டில்.

“ஏனுங்க தம்பி, பாப்பாவுக்கு மூக்கடைச்சுக்கிட்டுப் பாலே குடிக்க மாட்டேங்குது. இதுல ரெண்டு சொட்டு மூக்குல உடலாமுங்களா?”

“எத்தனை மாசமுங்க?”

“ஏழு முடியுதுங்க.”

“வேண்டாங்கம்மா. மூக்குப் பக்கமே கொண்டு போகாதீங்க. உப்புத் தண்ணிச் சொட்டு மருந்து தர்றேன், அது போதும். மூச்சு வாங்குச்சுன்னா, பால் எறங்கலைன்னா, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருங்க.”

“எங்க காலத்துல எல்லாம் தடவுனமே தம்பி” என்றார். அந்த வார்த்தையைத் தட்டிக் கழிக்கக் கூடாது. அக்கறையில் சொல்வது அது. ஆனால் கைக்குழந்தையின் மூச்சுப்பாதை மிகக் குறுகலானது. தைலத்தின் சினியோல், மென்தால், கற்பூரம் போன்ற காரமான ஆவி மூக்கருகே பட்டால் குரல்வளை தானாக இறுகிக்கொள்ளும், சில வேளை மூச்சே ஒரு கணம் நின்றுபோகும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பூசக் கூடாது என்று சளித் தைல டப்பாக்களில் அச்சிடுவது இதனால்தான். அந்த எழுத்து பொடியாக இருக்கும். வீட்டுப் பெரியவர்களுக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும்.

இன்னொரு நாள் ராத்திரி கடை மூடும் நேரம் ஒரு தகப்பனார் போன் செய்தார். கரன்ட் இல்லை, இருமல் சிரப் என்று நினைத்து, மூன்று வயது மகளுக்குத் தைலத்தை அரை டீஸ்பூன் கொடுத்துவிட்டார். குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது, காத்திருந்து பார்க்கலாமா என்று கேட்டார். காத்திருக்க வேண்டாம், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பதுதான் பதில். போய்ச் சேர்வதற்குள் குழந்தை தூங்கி வழிய ஆரம்பித்துவிட்டது. ராத்திரி முழுக்கக் கண்காணிப்பில் வைத்து மறுநாள் அனுப்பினார்கள். இந்தத் தைலம் சில குழந்தைகளுக்கு அரை மணி நேரத்திலேயே வேலையைக் காட்டும், சிலருக்கு நாலு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்பதை நம்பி வீட்டில் உட்காரக் கூடாது.

தைல மரத்தின் சொந்த நாட்டிலேயே இதைக் கவனமாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். மெல்பர்ன் ராயல் குழந்தைகள் மருத்துவமனையில் 1981 முதல் 1992 வரை தைலம் குடித்துச் சேர்க்கப்பட்ட குழந்தைகள் 109 பேர். இவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு பாதிப்பு இருந்தது. நினைவு தப்பியவர்களும் உண்டு. மெல்பர்ன் இருக்கும் அதே விக்டோரியா மாநிலத்தில் நடந்த இன்னொரு ஆய்வு, தைலம் குழந்தைகள் கைக்கு எப்படிப் போனது என்று தேடியது. பெரும்பாலும் சளிக்காக அறையில் வைத்திருந்த ஆவிக் கருவியிலிருந்துதான். மருந்தைப் பூட்டி வைக்கிற அதே வீட்டில், குழந்தையின் படுக்கைப் பக்கத்தில், தவழும் உயரத்தில் தைலம் இருந்திருக்கிறது. நம் வீடுகளில் சுவரில் செருகும் வாசனைக் கருவியும், மேசை மேல் புகை மாதிரி விடும் டிஃப்யூசரும் இப்போது அந்த இடத்தைப் பிடித்துவிட்டன.

குடித்தால்தானே ஆபத்து, பூசினால் என்ன என்று கேட்கலாம். 1998-இல் ஆஸ்திரேலியத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் விவரம் வந்தது. உடம்பெங்கும் அரிப்பு என்று, தைலம் கலந்த வீட்டு மருந்தைத் தாராளமாகப் பூசித் துணி சுற்றியிருக்கிறார்கள். நாக்குக் குழறி, நடை தள்ளாடி, கடைசியில் நினைவிழந்தாள். மருந்தைத் துடைத்தெடுத்துச் சிகிச்சை கொடுத்த பிறகு தேறினாள். தோல் சுவர் மாதிரி தடுக்காது. மூடிக் கட்டினால் இன்னும் வேகமாக உள்ளே இழுக்கும்.

நம் பக்கத்திலேயே நடந்த ஆய்வும் உண்டு. பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் தலைமையில் தென்னிந்திய மருத்துவமனைகள் சிலவற்றில், வலிப்போடு வந்த பெரியவர்களிடம் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டார்கள்: தைலமோ பாமோ பயன்படுத்தினீர்களா? 2021-இல் வெளியான அந்த முடிவில், 350 பேரில் 55 பேருக்கு வலிப்புக்கும் இந்த எண்ணெய்களுக்கும் தொடர்பு இருந்தது. முக்கியமாக யூகலிப்டஸ், கற்பூரம். ஏற்கெனவே வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். யாரும் கேட்காததால் அதுவரை யாரும் சொல்லவில்லை. நேயர்களில் யாருக்காவது, உங்கள் வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது என்ன பாம், என்ன தைலம் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

கற்பூரம் என்றதும் தேங்காய் எண்ணெய் நினைவுக்கு வரும். எண்ணெயைச் சூடாக்கிக் கற்பூரத்தைக் கரைத்துக் குழந்தையின் நெஞ்சில் தடவுவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுவதும் உண்டு. முடிச்சு வாய்க்கு எட்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு கிராம் அளவே சிறு குழந்தையின் உயிரைப் பறித்த சம்பவங்கள் மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்காவில் தோலில் பூசும் மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1980-களிலேயே வரம்பு கட்டினார்கள். வீட்டில் கரைக்கும்போது எத்தனை சதவீதம் என்று யாருக்குத் தெரியும்? நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வலிப்போடு வந்த மூன்று குழந்தைகளைப் பற்றி 2009-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். மூன்று வீட்டிலும் காரணம் கற்பூரம். கற்பூரம் பூஜைத் தட்டில் இருக்கட்டும். தொட்டிலில் வேண்டாம்.

விண்டர்கிரீன் எண்ணெயைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் கவனமாகக் கேளுங்கள். ஊட்டிக் கடைகளில் மூட்டு வலிக்கென்று விற்பது. அது ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரின் குடும்பம். ஒரு டீஸ்பூன் உள்ளே போவது, பெரியவர்களுக்கான ஆஸ்பிரின் மாத்திரைகளை இருபதுக்கும் மேல் விழுங்குவதற்குச் சமம். குழந்தை வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. இதய நோய்க்காக ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடும் தாத்தா பாட்டிமார், முழங்காலுக்குத்தானே என்று தினமும் தேய்த்தால்கூட ரத்தக்கசிவு வரலாம்.

பல் வலிக்குக் கிராம்பு எண்ணெய்ப் பஞ்சு வைப்பது பழைய வழக்கம். பெரியவர்களுக்குக் கொஞ்சமாக, வலிக்கிற பல்லில் மட்டும் வைத்தால் சரி. ஈறில் ஊறவிட்டால் புண்ணாகும். 1990-களில் பிரிட்டனில் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் 5-லிருந்து 10 மில்லி குடித்து, ஈரல் கெட்டு, நினைவிழந்து, பெரும்பாடுபட்டுப் பிழைத்தான்.

இவ்வளவும் கேட்டுவிட்டுத் தைலத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகர்வது, உடம்பு வலிக்குத் தேங்காய் எண்ணெயில் கலந்து தேய்ப்பது, இவற்றில் பிழையில்லை. ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு சொட்டு. அதுவே ஏறத்தாழ 2 சதவீதம். முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். டீ ட்ரீ, லாவெண்டர் எண்ணெய்கள் திறந்து பழசானால் தோலில் தடிப்பு வரும், பழைய பாட்டிலை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ எண்ணெய் வேண்டவே வேண்டாம்; பூனையின் ஈரலால் அந்த எண்ணெயைச் சமாளிக்க முடியாது.

ஆவி பிடிப்பதில் தைலத்தை விடக் கொதி தண்ணீர்தான் பெரிய எதிரி. 2020-இல் கொரோனாவுக்குப் பயந்து எல்லோரும் ஆவி பிடித்தபோது, இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் அதனால் வெந்துபோய் வந்த பிள்ளைகள் வழக்கத்தைவிட 30 மடங்கு. போர்வைக்குள் பாத்திரத்தோடு குழந்தையை உட்கார வைக்காதீர்கள்.

நேரம் நெருங்குகிறது. பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை தைலமோ கற்பூரமோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விட வேண்டாம், உப்புத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும், வலிப்பு வந்தால் இன்னும் மோசம். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். தோலில் கொட்டினால் துணியைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 108-ஐ அழையுங்கள். டில்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு. பாட்டிலைக் கூடவே எடுத்துப் போங்கள். லேபிளைப் பார்த்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்தக் காரமடை அம்மா அப்புறமும் ஒருமுறை வந்தார். மூட்டு வலி மாத்திரை வாங்க. பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்கு, “நடக்கப் பழகிட்டாங்க தம்பி. எதையும் கீழ வைக்க முடியறதில்ல” என்றார். தைலம்? “பரண் மேல ஏத்திட்டேன். ஸ்டூல் போட்டாத்தான் எனக்கே எட்டும்.” உங்கள் வீட்டு பாட்டிலும் இன்று ராத்திரிக்குள் அந்த உயரத்துக்கு ஏறிவிடும் என்று நம்பலாம்.